மருமகன் கறந்த பால்

வியுவால் மாமியார் வீட்டுக்கு வந்தது, மனைவி ஞாபுவோலையும் குழந்தையையும் பார்த்துவிட்டு மறுநாளே திரும்பிவிடலாம் என்ற எண்ணத்தில்தான். முதல் குழந்தை பால் மறக்கும்வரை பெண் தாய்வீட்டில் இருப்பாள், புருஷன் வந்து போவான். எங்கள் ஆட்களிடம் அதுதான் வழக்கம். அவன் வந்த அன்றே ஸெராஃப் ஆறு மறுபடியும் கரை மீறியது. விடிந்தபோது அவன் நடந்து வந்த பாதையைக் காணவில்லை. புல்நுனியும் தண்ணீரும்தான் தெரிந்தன.

அக்கம்பக்கத்தில் இருந்த நாங்கள் எல்லோரும் பெரிய மண்கரைக்குப் போய்விட்டோம். மாடுகளை அவன் மாமனார் முன்பே தூரத்து மேட்டு நிலத்துக்கு ஓட்டிப் போயிருந்தார். ஞாபுவோலின் அம்மா மட்டும் வர மறுத்துவிட்டாள். "கொட்டில் நிக்கிற வரைக்கும் நானும் நிப்பேன்" என்றாள். அவ்வளவு பெரிய மாட்டுக் கொட்டிலை அவளும் அவள் புருஷனும் கட்டி முடிக்க ஒரு கோடை முழுவதும் ஆகியிருந்தது. ஆகவே குடிசையும் கொட்டிலும் நின்ற அந்தச் சின்ன மேட்டில் அவளும், மகள் ஞாபுவோலும், மகன் துவோப்பும், தவழ்கிற பேத்தி ஞாகீரும் தங்கினார்கள். குழந்தைக்காக நிறுத்திவைத்த செவலைப் பசு ஒன்று, அதன் கன்று, ஒரு தோணி. இவற்றோடு வியுவாலும் மாட்டிக்கொண்டான்.

மருமகனாக நடந்துகொள்வதில் வியுவாலை யாரும் குறை சொன்னதில்லை. தோளில் முடிந்த துணி ஒருநாளும் நழுவியதில்லை. மாமியார் வருகிற திசை தெரிந்தால் அவன் வேறு திசையில் நடப்பான். அவள் கண்ணில் படும்படி ஒரு வாய் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. கல்யாணத்தின்போது அவன் தன் புள்ளிக் காளையைப் பற்றிப் பாடி ஆடியதை எங்கள் பெண்கள் இன்னும் பேசுவார்கள். ஞாபுவோல் அம்மாவுக்கும் அவனைப் பற்றிப் பெருமை உண்டு. "என் மருமகன் வீட்டுல இருக்கானா இல்லையான்னே தெரியாது" என்று எங்களிடம் சொல்வாள். இதைவிட நல்ல பெயர் ஒரு மருமகனுக்கு வேண்டியதில்லை.

வெள்ளம் வந்த கொஞ்ச நாளில் ஞாபுவோலுக்குக் காய்ச்சல் கண்டது. கண் மஞ்சளாகி, தாய்ப்பால் வற்றிவிட்டது. ஆஸ்பத்திரி இருக்கும் ஊருக்கு அந்தப் பக்கத்து வாய்க்கால்களை அறிந்தவன் துவோப் மட்டும்தான். தோணி இரண்டு பேரைத்தான் தாங்கும்.

"பிள்ளைய இங்கயே விட்டுட்டுப் போ. அங்க கழிச்சல் பரவியிருக்காம்" என்றாள் அம்மா. "பசு இருக்கு, நான் இருக்கேன்."

ஞாபுவோல் படுத்தபடியே புருஷனைப் பார்த்தாள். "நான் வர்ற வரைக்கும் நீ போயிராதே" என்றாள். அவன் தலையாட்டினான். துவோப் கழியை ஊன்றினான். தோணி கோரைக்குள் மறைந்தது.

ஒரு மேட்டில் ஒரு மாமியாரும் ஒரு மருமகனும் தனியே இருப்பது எப்படி என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. இருவரும் குழந்தையை நடுவில் வைத்துக்கொண்டார்கள்.

"ஞாகீரு, வடக்குப் பக்கம் மண்ணு கரையுதுன்னு உங்கப்பன்கிட்ட சொல்லு" என்பாள் அவள், குடிசைக்குள்ளிருந்து.

"ஞாகீரு, பார்த்துட்டேன், அடைச்சிருவேன்னு ஆச்சிகிட்ட சொல்லு" என்பான் அவன், கொட்டிலின் பின்னாலிருந்து.

இன்னும் பேச்சு வராத குழந்தை, கைமுட்டியைச் சப்பிக்கொண்டு இரண்டு பக்கமும் பார்க்கும்.

அவன் ஈட்டியால் மீன் குத்தி வந்து குடிசை ஓரத்தில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவான். அவள் சுட்டு, பாதியைக் கொட்டிலின் பின்னால் கூடையால் மூடிவைத்துவிட்டுக் குடிசைக்குள் போய்விடுவாள். அவன் தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்து தின்பான். இரண்டு பேருக்கும் மானம் கெடாமல் இப்படி ஓடியது. காலையும் மாலையும் அவள் செவலையைக் கறந்து குழந்தைக்குக் கொடுத்தாள்.

ஒருநாள் அவன் போட்டுவிட்டுப் போனது பெரிய கெளுத்தி. செத்துவிட்டது என்று நினைத்து அவள் கையில் எடுத்தாள். அது துள்ளியதில் முள் அவள் வலது உள்ளங்கையில் ஆழமாக ஏறிவிட்டது. பல்லால் கடித்து முள்ளைப் பிடுங்கினாள். சாயங்காலத்துக்குள் கை முழங்கைவரை வீங்கிக் கன்றிப்போனது.

மறுநாள் இடது கையால் கறக்க உட்கார்ந்தாள். செவலைக்கு அந்தக் கை பழக்கமில்லை. ஓர் உதை விட்டது. பால் பிடிக்கும் சுரைக்குடுக்கை சேற்றில் உருண்டது. மிஞ்சியிருந்த நாலு மடக்குப் பாலைக் குழந்தைக்கு ஊற்றிவிட்டு அவள் உள்ளே போய்ப் படுத்தாள். அதற்கு அடுத்த நாள் எழுந்திருக்கவில்லை. காய்ச்சலில் அவள் பல் அடித்துக்கொள்கிற சத்தம் தட்டியின் வழியே வியுவாலுக்குக் கேட்டது.

குழந்தை காலையிலேயே அழத் தொடங்கியது. அவன் மீன் வேகவைத்த நீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். கக்கிவிட்டது. அல்லிக் கிழங்கை நசுக்கி ஊட்டினான். துப்பியது. கொட்டிலின் கூரைமேல் ஏறித் துணியை வீசி வீசிப் பார்த்தான். கறந்து கொடுக்க யாராவது ஒரு பெண், அல்லது ஆணாகிவிட்டான் என்பதற்கான கோட்டை நெற்றியில் இன்னும் கீறாத பையன் ஒருவன் தோணியில் போனால் போதும். கொக்குகள்தான் போயின.

கறக்காத மடி கல்லாக இறுகி, செவலையும் கத்திக்கொண்டு நின்றது. குழந்தையையே மடியில் குடிக்கவைத்துவிட்டால் கறந்ததாக ஆகாதே என்று அவனுக்குத் தோன்றியது. குழந்தையை ஏந்திக்கொண்டு போய்க் காம்பருகே பிடித்தான். பசு திரும்பி ஈர மூக்கால் குழந்தையின் முதுகை முகர்ந்தது. குழந்தை அலறி, மூச்சடங்கி, அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு பசுவைப் பார்த்தாலே அழுதது. நடுப்பகலுக்குள் அழுகையும் தேய்ந்துபோனது. தலை அவன் தோளில் துவண்டு கிடந்தது. அழுகை நின்றதும்தான் அவனுக்குப் பயம் வந்தது.

அவன் குடிசை வாசலுக்குப் போனான். உள்ளே பார்க்காமல் பக்கவாட்டில் நின்றான்.

"ஞாகீரு, எந்திரிக்க முடியுமான்னு ஆச்சிகிட்ட கேளு."

துவண்ட குழந்தையைத் தோளில் ஏற்றிப் பிடித்துக்கொண்டான்.

"நான் என்ன செய்யட்டும்னு கேளு."

உள்ளே பாய் அசைந்தது. பேச்சு வரவில்லை. அவளுக்கு இருந்த பதில் ஒரே ஒரு சொல். அதைச் சொன்னால், மருமகனைப் பார்த்துப் பெண்பிள்ளை வேலை செய் என்று சொன்ன மாமியாராகிவிடுவாள். சொல்லாவிட்டால் பேத்தி போய்விடும். அவள் கண்ணைத் திறந்தபடி படுத்துக்கிடந்தாள்.

அவன் குழந்தையை வாசலில் தோல்விரிப்பில் கிடத்தினான். குடுக்கையைக் கழுவினான். கன்றைக் கட்டினான். பசுவை மறுபக்கம் திருப்பி நிறுத்தலாம் என்று பார்த்தான். மேட்டில் அதற்கு இடமில்லை. குடிசை வாசலுக்கு நேர் எதிரே, செவலையின் வயிற்றுக்குக் கீழே குந்தி உட்கார்ந்தான்.

நெற்றியில் ஆறு கோடும் கீறப்பட்ட நாளிலிருந்து அவன் ஒரு மடியைத் தொட்டதில்லை. எங்களில் எந்த ஆணும் தொடுவதில்லை. பட்டினி கிடப்போம், தொடமாட்டோம். அது சின்ன வயதிலேயே கேட்டுக் கேட்டு எலும்பில் ஏறியிருக்கும். ஆனால் சிறுவனாக இருந்தபோது கறந்த கை மறக்கவில்லை. முதல் பீச்சு குடுக்கையில் விழுந்த சத்தம் அவனுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. அந்த வேலைக்கு இவ்வளவு சத்தம் உண்டு என்பதை அவன் மறந்திருந்தான். நிறுத்தினான். மறுபடியும் பிடித்தான். காதெல்லாம் சூடாகிவிட்டது.

பாதி கறந்தபோது தலையை நிமிர்த்தினான். குடிசையின் இருட்டில் மாமியாரின் கண்கள் தெரிந்தன. அவள் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள். கொஞ்சம் தாமதமாகிவிட்டது. அவள் பார்த்துவிட்டாள் என்பது அவனுக்குத் தெரிந்தது. அவனுக்குத் தெரிந்துவிட்டது என்பது அவளுக்கும் தெரிந்தது.

குழந்தை முதலில் விரலைச் சப்பியது. பிறகு குடுக்கையின் வாயைப் பிடித்துக்கொண்டு குடித்தது. மீதிப் பாலை அவன் குடிசையின் உள்ளே கை எட்டும் தூரத்தில் வைத்துவிட்டு வந்தான். அவன் ஒரு சொட்டும் குடிக்கவில்லை. சாயங்காலம் பார்த்தபோது குடுக்கை காலியாக இருந்தது.

அதற்குப் பிறகு காலையும் மாலையும் அவன் கறந்தான். குழந்தை வழியாகப் பேசுவதுகூட நின்றுபோனது. அவள் கை வீக்கம் உடைந்து சீழ் வடிந்து காய்ச்சல் மெல்ல இறங்கியது. ஆனாலும் விரல்கள் மடங்கவில்லை. அவன் கறக்க உட்காரும் நேரத்தில் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க நேராதபடி அந்தச் சின்ன மேட்டில் இரண்டு பேரும் எப்படித்தான் சுற்றிவந்தார்களோ.

ஒருநாள் காலையில் அவன் கறந்துகொண்டிருந்தபோது மண்கரையிலிருந்து அல்லி பறிக்கக் கிளம்பிய பெண்களின் தோணி அந்தப் பக்கமாக வந்தது. அதில் ஞாதொங் இருந்தாள். எங்கள் பக்கத்தில் பாட்டுக் கட்டுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அவள் வாயில் விழுந்தவன் வெட்கத்தில் ஊர்கூடி ஆடும் இடத்துக்கு வரமாட்டான்.

"அங்க பாருங்கடி" என்றாள் மெதுவாக. "ஞாபுவோல் அம்மாவுக்குத் தோள் அகலமாயிருச்சே."

பெண்கள் முதலில் புரியாமல் பார்த்தார்கள். பிறகு ஒருத்தி வாயைப் பொத்தினாள்.

"அது அவ மருமகன் இல்ல?"

"மருமகனா? மருமகன் கறப்பானா? மருமகளா இருக்கும்" என்றாள் ஞாதொங். "ஏம்மா மருமகளே, எங்க வீட்டுலயும் ஒரு மாடு கறக்காம நிக்குது, வர்றியா?"

வியுவால் எழுந்து நின்றான். குடுக்கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். பால் அவன் காலில் வழிந்தது. பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

தோணியில் இருந்த ஞாபுவோலின் சின்னம்மா மட்டும் சிரிக்காமல் இறங்கி வந்து குடிசை வாசலில் நின்றாள்.

"அக்கா, உன் மருமகன் மாட்டுக்கு அடியில உக்காந்திருக்கான். நீ பார்த்தியா?"

உள்ளே போர்வை இழுபட்டது.

"நான் எதையும் பாக்கல" என்றாள் ஞாபுவோல் அம்மா. "காய்ச்சல்ல கெடந்தேன். எனக்கு ஒண்ணும் தெரியாது."

"அப்ப இத்தன நாளா பிள்ள எதைக் குடிச்சுது?"

"தெரியாதுங்கிறேன்ல."

வியுவால் பத்தடி தள்ளி நின்றிருந்தான். எல்லாம் கேட்டது. அவன் குடுக்கையைக் கீழே வைத்தான். குழந்தையைத் தூக்கிச் சின்னம்மாவின் கையில் கொடுத்தான். ஈட்டியை எடுத்துக்கொண்டு, அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கவே தண்ணீரில் இறங்கினான். மார்பளவு தண்ணீரில் தன் ஊர்த் திசையில் நடந்தான். முதலைகள் உள்ள இடம் அது. பெண்களின் சிரிப்பு அப்போதுதான் நின்றது.

ஆனால் பாட்டு நிற்கவில்லை. அன்று சாயங்காலமே மண்கரையில் அதைக் கேட்டோம்.

*செவலைக்கு வாய்த்தாள் புது மகள்,
நெற்றியில் ஆறு கோடு, நெஞ்சில் முடி,
மாமியார் படுத்துக்கொண்டாள், மருமகள் கறக்கிறாள்.*

மெட்டு நன்றாக இருந்தது. எல்லோரும் பாடினோம். சின்னப் பிள்ளைகள் தோணி தள்ளும்போது பாடினார்கள். தோணிகள் எங்கெல்லாம் போயினவோ அங்கெல்லாம் அது போயிற்று. அவன் ஊருக்கும் போயிற்று.

அங்கே அவனோடு ஒரே நாளில் கோடு கீறிக்கொண்ட தோழர்கள் அவனை ஒன்றும் திட்டவில்லை. ஆண்கள் கூடும் மாட்டுக் கொட்டிலில் எல்லோரும் ஒரே பாத்திரத்தில் சோளக்களி தின்ன உட்காரும்போது ஒருவன், "வியுவாலு, நீ அப்புறம் பொம்பளைங்களோட சாப்பிட்டுக்கோ" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரிக்கப் பார்த்தான். மறுநாளிலிருந்து அவன் கொட்டிலுக்குச் சாப்பிட வரவில்லை. தன் காளையின் பெயர் சொல்லிப் பாடுவதையும் விட்டுவிட்டான். காளையை மேய்க்கத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, கரையோரப் புல்லுக்குள் வலை பின்னிக்கொண்டு பகலைக் கழித்தான்.

ஞாபுவோல் பிழைத்துத் திரும்பினாள். மெலிந்திருந்தாள், ஆனால் கண் தெளிந்திருந்தது. அம்மாவும் குழந்தையும் அதற்குள் மண்கரைக்கு வந்திருந்தார்கள். தோணி கரையில் முட்டும் முன்பே பிள்ளைகளின் பாட்டு அவள் காதில் விழுந்தது. யாரைப் பற்றி என்று துவோப்பிடம் கேட்டாள். அவன் கழியைப் பார்த்துக்கொண்டே தோணியைத் தள்ளினான். அவளே புரிந்துகொண்டு துணியால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அன்று பகல் முழுதும் வெளியே வரவில்லை. கோரைத் தடுப்புக்குள் அம்மாவும் மகளும் பேசியது பக்கத்தில் இருந்த எங்களுக்கெல்லாம் கேட்டது.

"வேற எங்கயாவது செஞ்சிருந்தாக்கூட பரவாயில்ல" என்றாள் ஞாபுவோல். "உன் கண்ணு முன்னாடி. நான் எப்படிம்மா வெளிய தலைகாட்டுவேன்?"

"நான் பாக்கல."

"தாய்மாமா வந்து சொல்லிட்டுப் போறாரு, இந்தக் கல்யாணத்த முறிச்சிரலாமாம். வயசு இருக்காம் எனக்கு."

அம்மா குழந்தையை அவள் பக்கம் நகர்த்தினாள்.

ஞாபுவோல் குழந்தையை மடியில் எடுத்தாள். கையையும் தொடையையும் தடவிப் பார்த்தாள். வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தாள்.

"நீ காய்ச்சல்ல கெடந்த. நான் இங்க இல்ல" என்றாள், குரல் மாறி. "இவ ஒடம்பு கொஞ்சங்கூட வாடலியேம்மா."

"ம்."

"நீ நெசமாவே பாக்கலியா?"

"பார்த்தேன்" என்றாள். "மொத நாள்லேருந்து பார்த்தேன். வாசல்ல வந்து நின்னு, என்ன செய்யட்டும்னு கேட்டான். தூங்குற மாதிரி கெடந்தேன்."

ஞாபுவோல் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அவள் திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று அவள் அம்மா பிறகு என் மனைவியிடம் சொன்னாளாம்.

ஞாபுவோல் அம்மா துவோப்பைத் தோணி எடுக்கச் சொன்னாள். மருமகன் ஊருக்கு, அழைப்பில்லாமல், வீங்கிய கையோடு ஒரு மாமியார் போவதை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. சின்னம்மா தடுத்தாள். "சொல்லி அனுப்பினாப் போதாதா?" என்றாள். "பொய்ய நான்தானே சொன்னேன்" என்றுவிட்டு அவள் ஏறி உட்கார்ந்தாள்.

அங்கே நடந்ததைத் துவோப் எங்களிடம் சொன்னான். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஆண்கள் கொட்டிலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பெண்கள் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்காத நேரம் அது. அவள் நேராகப் போய்க் கொட்டில் வாசலில் நின்றாள். வாயில் களியோடு எல்லோரும் அப்படியே உறைந்துபோனார்கள். ஒருவன் பாத்திரத்தை மறைத்தான்.

"வியுவால் அப்பா" என்று அவன் தகப்பனை அழைத்தாள். "சாப்பிடுற எடத்துல வந்து நிக்கிறேன். நான் செஞ்சதுல இதுதான் சின்னத் தப்பு. கேட்டுக்கோங்க. என் பேத்தி செத்துக்கிட்டிருந்தா. உங்க மகன் என்கிட்ட வழி கேட்டான். நான் முழிச்சுக்கிட்டே தூங்கினேன். அவன் கறந்த பால அவ குடிச்சா. நானும் குடிச்சேன். ஒருநாள் இல்ல, தெனமும் குடிச்சேன். அப்புறம் பொம்பளைங்க வந்து கேட்டப்ப, தெரியாதுன்னு சொன்னேன். அவன் காது கேக்கவே சொன்னேன்."

களியை விழுங்க ஒருவன் சிரமப்பட்டான்.

"போதும் சம்பந்தி" என்றார் கிழவர், தரையைப் பார்த்தபடி. "குடிசைக்குள்ள பொம்பளைங்க இருக்காங்க. போய் உக்காருங்க."

"உக்கார வரல" என்றாள். திரும்பித் தோணிக்கு நடந்தாள். துவோப்புக்கும் அவளோடு நடக்க வெட்கமாக இருந்ததாம். கொஞ்சம் பின்தங்கியே நடந்திருக்கிறான்.

வியுவால் அப்போது கொட்டிலுக்குப் பின்னால் புல்லுக்குள்தான் இருந்தான். ஒவ்வொரு சொல்லும் அவன் காதில் விழுந்தது. அவன் வெளியே வரவில்லை. மாமியார் எதிரில் வரக்கூடாது என்பதற்காக மட்டும் அல்ல. தனக்காக ஒரு வயதான பெண் ஆண்கள் கூட்டத்தில் நின்று மானத்தைக் கொட்டியதை அவனால் தாங்க முடியவில்லை. பால் கறந்தபோது பட்டதைவிட அன்று அதிகமாக வெட்கப்பட்டதாக மனைவியிடம் சொல்லியிருக்கிறான்.

அவன் தகப்பன் குற்றம் கழிய ஓர் ஆட்டுக்கிடாயின் முதுகில் சாம்பல் தேய்த்து, கடவுளிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லி, அதை வெட்டினார். தோழர்கள் அவனைக் கையைப் பிடித்து இழுத்துவந்து பாத்திரத்தின் முன் உட்காரவைத்தார்கள். பொம்பளைங்களோட சாப்பிடு என்று சொன்னவன் அன்று தலை நிமிராமல் தின்றான். ஆனாலும் எல்லாம் பழையபடி ஆகிவிடவில்லை. அவன் கை பாத்திரத்துக்குள் போகும்போது யாராவது ஒருவர் அந்தக் கையைப் பார்த்துவிட்டுக் கண்ணை விலக்குவது உண்டு.

பாட்டும் நிற்கவில்லை. ஞாதொங் அதில் இன்னொரு வரியைச் சேர்த்தாள், முழித்துக்கொண்டே தூங்கியவளைப் பற்றி. ஞாபுவோல் அம்மா மண்கரையில் பாத்திரம் கழுவும்போதெல்லாம் பிள்ளைகள் அதைப் பாடிக்கொண்டு ஓடுவார்கள். அவள் ஒருநாளும் அவர்களை விரட்டவில்லை. அந்தப் பாட்டைப் பாடியதை நினைத்தால் எங்களில் சிலருக்கு இப்போது நாக்கு கூசுகிறது. அப்போது யாருக்கும் கூசவில்லை.

தண்ணீர் வடியத் தொடங்கியதும் வியுவால் மனைவியையும் குழந்தையையும் அழைத்துப்போக வந்தான். குழந்தை பால் மறந்துவிட்டது, முறைப்படி ஞாபுவோல் இனி அவன் வீட்டில் இருக்க வேண்டியவள். கரைக்கு வராமல் தோணியருகிலேயே, முழங்கால் தண்ணீரில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். ஞாபுவோல் பாயையும் பாத்திரங்களையும் ஏற்றினாள். அம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தாள். குழந்தையை மகளிடம் கொடுத்தாள். திரும்பிப் போய்விடுவாள் என்றுதான் நினைத்தோம். அவள் நின்றாள்.

"தோணிக்குள்ள தண்ணி ஏறுது" என்றாள். யார் வழியாகவும் அல்ல, நேராக அவனிடம். "கெளம்பறதுக்கு முன்னாடி அள்ளி ஊத்திரு."

வியுவால் குனிந்து, கிடைத்த குடுக்கையை எடுத்து அள்ளத் தொடங்கினான். அவன் நிமிர்ந்தால் முகம் தெரியும் தூரத்தில் அவள் அங்கேயே நின்றாள். தோணி காய்ந்துவிட்டது. அதற்குப் பிறகும் அவன் நிமிராமல் வெறும் மரத்தைச் சுரண்டிச் சுரண்டி அள்ளிக்கொண்டே இருந்தான்.